முப்பது நாள் சாவி

8 செப்டம்பர் 2003, திங்கள்

இன்று அறுபத்து மூன்று அழைப்புகள். போன வாரம் எங்கள் கம்பெனி அனுப்பிய, நோயாளி விவரம் பதியும் சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் சிடி எல்லா கிளினிக்குகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து, ஒரே நேரத்தில் எனக்கு போன் செய்திருக்கிறார்கள்.

பேஷண்ட் பெயர்களை வரிசைப்படுத்தும் பட்டனைக் காணோமே? அது இனி விலை கூடிய கோல்டு எடிஷனில்தான். பேக்கப்? அதுவும் கோல்டு. பிரிண்ட் எடுப்பதற்கு முன்னால் திரையில் பார்ப்பது? அதுவும். ஜெயநகர் பல் டாக்டர் ஒருவர் கத்தவில்லை, சிரித்தார். "நான் டைப் அடிச்சத நானே எடுத்து பத்திரமா வச்சிக்கிறதுக்கு உங்களுக்குப் பணம் கட்டணுமாம்மா?"

"உங்க எடிஷன்ல அந்த வசதி இல்லைங்க சார்." இந்த வாக்கியத்தை மேனேஜர் சேஷகிரி சார் தன் கையால் எழுதி என் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறார். "இல்லை" என்று சொல்லலாம். "எடுத்துவிட்டோம்" என்று மட்டும் சொல்லக் கூடாதாம்.

சாயங்காலம் கம்பெனி கேப் வண்டியில் எலெக்ட்ரானிக் சிட்டி கேட் தாண்டும்வரை அந்த வாக்கியமே காதில் ஓடியது.

9 செப்டம்பர்

ஐம்பத்தெட்டு. தொண்டை கட்டிவிட்டது.

11 செப்டம்பர், வியாழன்

லிங்கராஜபுரம் நர்சிங் ஹோமிலிருந்து டோரதி அக்கா. அங்கே ரிசப்ஷன் முழுக்க அவர் பொறுப்பு, பத்தொன்பது வருஷமாக. நான் முகம் பார்த்ததில்லை. இரண்டு வருஷமாகக் குரல் பழக்கம். நாற்பத்தைந்து வயதில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவர். மவுஸை முதலில் எப்படிப் பிடிப்பது என்று போனிலேயே நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

"இளா, அந்தச் செவப்புப் பொட்டி எங்கம்மா போச்சு?"

இந்தக் கேள்வி வரும் என்று திங்கட்கிழமையிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன்.

ஒரு நோயாளிக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால், அவர் பக்கத்தைத் திறந்தவுடன் திரையின் நடுவில் சிவப்பாக ஒரு பெட்டி வரும். 'பார்த்தேன்' என்று அழுத்தினால்தான் போகும். புது வெர்ஷனில் விவரம் எல்லாம் அப்படியே இருக்கிறது. மூன்றாவது பக்கத்தில், அடியில், சின்ன எழுத்தில். பெட்டி மட்டும் கோல்டுக்குப் போய்விட்டது.

ஒட்டியிருந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"வசதியாம்மா அது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

12 செப்டம்பர், வெள்ளி

சேஷகிரி சாரிடம் போய்ப் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து வந்த, இங்கிலீஷ் தடுமாறுகிற எனக்கு நேர்முகத் தேர்வில் தண்ணீர் கொடுத்து, "மெதுவா சொல்லுங்கோ" என்றவர். இன்றும் பொறுமையாகத்தான் கேட்டார்.

"டேட்டா எங்கயும் போகலையே இளவேனில். மூணாவது பேஜ்ல இருக்கு. நாம எதையும் மறைக்கல. திறந்து பாக்குறது டாக்டரோட வேலை."

அப்புறம் ஒரு பேப்பர் எடுத்தார். எந்த வசதியைக் கேட்டு எத்தனை அழைப்பு வருகிறது என்று தினமும் குறித்துத் தரச் சொன்னார். இந்த வாரக் கணக்கில் சிவப்புப் பெட்டிதான் முதலிடம்.

"பாத்தியா?" என்றார். முகம் மலர்ந்தது. "எதுக்கு போன் அதிகம் வருதோ, அதுதான் விக்கும்."

17 செப்டம்பர், புதன்

மதியம் கேன்டீனில் கிஷோர். சிவப்புப் பெட்டியை மூன்று வருஷம் முன்னால் எழுதிய புரோகிராமர் அவன்தான். அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவன். எப்போதும் வாய் ஓயாது. இன்று தயிர் சாதத்தைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

"ஒரே ஒரு வரி, இளா. கோல்டா? ஆமான்னா காட்டு. இல்லாட்டி சும்மா இரு. நான்தான் போட்டேன். அர நிமிஷ வேலை."

"பெட்டி வேலை செய்யலன்னு ஒரு வரியாவது காட்டக் கூடாதா?"

"கேட்டேனே. ஸ்கிரீன் அசிங்கமா இருக்கும்னுட்டாங்க."

24 செப்டம்பர், புதன்

லிங்கராஜபுரத்திலிருந்து டோரதி அக்கா. நேற்று ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாத சல்ஃபா மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவரே மெடிக்கல் ஷாப்பில் அட்டையைப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்.

"அவரு படிச்சவரு, பொழைச்சாரு. எங்களுக்கு வர்றவங்க எல்லாரும் அட்டையப் படிப்பாங்களாம்மா?"

கோல்டு வாங்கச் சொல்லி அங்கே பெரிய டாக்டரிடம் கேட்டாராம். அவர், 'மூன்றாவது பக்கத்தைத் திறந்து பார்க்கவும்' என்று போர்டு எழுதி மாட்டச் சொல்லிவிட்டார். போர்டு மாட்டியாயிற்று. மாதத்துக்கு ஒரு புது டியூட்டி டாக்டர் வருகிற இடம் அது. போர்டை யார் படிப்பார்கள்?

"ஏதாவது பண்ணும்மா, கொஞ்சம் பாரும்மா, சொல்ப நோடம்மா" என்றார். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் புகுந்துவிட்டால் அக்கா ரொம்பப் பயந்திருக்கிறார் என்று அர்த்தம்.

3 அக்டோபர், வெள்ளி

செய்துவிட்டேன்.

விற்பனை ஆட்கள் கிளினிக்குகளில் கோல்டை ஓட்டிக் காட்டுவதற்காக டெமோ கீ என்று ஒன்று உண்டு. என் சீட்டுக்குப் பக்கத்து மெஷினில் கிளினிக் நம்பரை அடித்தால் பதினாறு எழுத்து வரும். அதைப் போனில் நான் படிக்க, அவர்கள் அங்கே அடிக்க வேண்டும். முப்பது நாளைக்கு அந்த கிளினிக் கோல்டு. முப்பது முடிந்ததும் பெட்டி பழையபடி சும்மா இருந்துவிடும். தீர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

டோரதி அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்லி அடித்தார். "பி ஃபார் பாம்பேவா, வி ஃபார் விஜயாவா?"

"மாசம் ஒரு தடவ இந்த நம்பர மாத்தணும் அக்கா. நானே கூப்பிடறேன்."

"சாவி நம்பரா? சரிம்மா, நீ பாத்துக்க."

அவ்வளவுதான் சொன்னேன். மாற்றாவிட்டால் பெட்டி வராது, வராததை எதுவும் காட்டியும் கொடுக்காது என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். டெமோ கீ என்று தெரிந்தால் பெரிய டாக்டரிடம் போகும், அவர் லெட்டர்ஹெட்டில் கம்பெனிக்கு எழுதுவார், என் வேலை போகும். தங்கை தாரணி கல்யாணத்துக்கு இரண்டே மாதம்.

நானே கூப்பிடப் போகிறேன். பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்?

4 அக்டோபர், சனி

"வந்துட்டுதும்மா! இப்பதான் ஒரு பாட்டிக்கு வந்துச்சு. கர்த்தர் உன்ன நல்லா வைப்பாரு."

சந்தோஷமாக இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் மதியம் சாப்பிட முடியவில்லை.

14 அக்டோபர், செவ்வாய்

இப்போது நான்கு கிளினிக். ஆனேக்கல் டாக்டரம்மா கேட்டபோது மறுக்க முடியவில்லை. மற்ற இரண்டும் அப்படித்தான். இதற்கு மேல் கூடாது.

31 அக்டோபர், வெள்ளி

நான்கு பேருக்கும் புது நம்பர் கொடுத்தாயிற்று. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"மாசா மாசம் எதுக்கும்மா மாத்துறது?" என்றார் டோரதி அக்கா. "செக்யூரிட்டி அக்கா" என்றேன். பொய் எவ்வளவு வழுவழுப்பாக வருகிறது! இந்தக் கம்பெனியில் சேர்ந்து நான் கற்றுக்கொண்டது இதுதானோ?

கணக்கு நாளையிலிருந்து. அடுத்தது நவம்பர் முப்பதுக்குள்.

17 நவம்பர், திங்கள்

கல்யாணம் முப்பதாம் தேதி ஞாயிறு. இருபத்தேழிலிருந்து லீவு கிடைத்துவிட்டது. அப்பா பஸ் டிப்போவில் பி.எஃப். லோன் போட்டு மண்டபம் பிடித்துவிட்டார்.

கிஷோர் என் சீட்டுக்கு வந்து மெதுவாகச் சொன்னான்: "அந்த கீ மெஷின் எல்லாத்தையும் எழுதி வைக்கும், தெரியுமா? தேதி, கிளினிக், யார் லாகின். உன் பேரு எட்டு வாட்டி இருக்கு."

"யாராவது பாப்பாங்களா?"

"பாக்கணும்னு வந்தா பாப்பாங்க."

26 நவம்பர், புதன்

ஓட்டமோ ஓட்டம். மூன்று கிளினிக்குக்கு நம்பர் கொடுத்தேன். லிங்கராஜபுரம் எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு. அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தபோது சேஷகிரி சார் கூப்பிட்டார். சென்னை ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்திருக்கிறார்கள், நான்தான் டெமோ காட்ட வேண்டுமாம். காட்டினேன். சிவப்புப் பெட்டி வந்ததும் அவர்களில் ஒருவர், "இதுதான் சார் வேணும்" என்றார்.

வெளியே வந்தால் ஐந்தே முக்கால். கேப் போய்விட்டது. சிங்கசந்திராவில் நான் தங்கியிருக்கிற பி.ஜி. விடுதி வரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து பெட்டி கட்டினேன். பட்டுப் புடவை, அம்மாவுக்கு வாங்கிய ரவிக்கைத் துணி, தாரணி கேட்ட வளையல், எல்லாம் எடுத்தாயிற்று. ஆனாலும் எதையோ மறந்த மாதிரியே இருக்கிறது. இரண்டு தடவை பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டேன்.

30 நவம்பர், ஞாயிறு. கிருஷ்ணகிரி

தாலி கட்டி முடிந்து மேடையில் குடும்பத்தோடு போட்டோ எடுக்கிறார்கள். போட்டோகாரர், "ஆல்பத்துல தேதி என்னன்னு போடறது சார், முப்பதுதானே?" என்று அப்பாவிடம் கேட்டார்.

முப்பது.

எல்லாப் படத்திலும் என் முகம் எப்படி இருக்கப் போகிறதோ தெரியவில்லை.

லிங்கராஜபுரத்துச் சாவி இன்று முழுக்க ஓடும். நாளை காலையிலிருந்துதான் நிற்கும். கீ மெஷின் ஆபீசில். நான் வியாழக்கிழமைதான் போக வேண்டும். அக்காவுக்கு போன் செய்து உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை அவர் இருக்கமாட்டார். நாளை காலை முதல் வேலை அதுதான்.

1 டிசம்பர், திங்கள். தருமபுரி

மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளை வீட்டு ஹாலில் போன் இருந்தது. டி.வி. மேலேயே இருந்தது. நாள் முழுக்க அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

என்னவென்று சொல்வது? அக்கா, இரண்டு மாதமாக உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறேன் என்றா? சம்பந்திகள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிற இடத்திலா?

ஒரு நாள்தானே. மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது. போர்டு மாட்டியிருக்கிறது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

2 டிசம்பர், செவ்வாய். கிருஷ்ணகிரி

பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டேன். மணி பதினொன்று இருபது. வேறு ஒரு பெண் எடுத்தாள். பின்னால் யாரோ ஓடுகிற சத்தம், ஸ்ட்ரெச்சர் சக்கரச் சத்தம்.

"டோரதி அக்கா இல்லையா?"

"அக்கா இப்ப பேச முடியாது மேடம், எமர்ஜென்சி." வைத்துவிட்டாள்.

நர்சிங் ஹோம் என்றால் எமர்ஜென்சி இருக்கத்தான் செய்யும். தினமும் இருக்கும்.

லீவை முடித்துக்கொண்டு நாளை காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்புகிறேன்.

3 டிசம்பர், புதன்

ஊரிலிருந்து நேராக ஆபீசுக்குப் போனேன். கையில் இன்னும் மருதாணி. கிஷோர் வாசலிலேயே நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"லிங்கராஜபுரத்துல ஒரு லேடி இறந்துட்டாங்க. ஊசி."

பெயர் சரசு. முப்பத்தொரு வயது. கார்மெண்ட்ஸில் தையல். தொண்டை வலியும் காய்ச்சலும் என்று புருஷன் ரவியோடு நேற்றுக் காலை வந்திருக்கிறார். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. ஏப்ரலில் அதை டோரதி அக்காவே டைப் செய்திருக்கிறார். நேற்றுப் பக்கத்தைத் திறந்தவரும் அக்காதான். புது டியூட்டி டாக்டர், "அலர்ஜி ஏதாவது?" என்று கேட்டிருக்கிறார். திரையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் காட்டல டாக்டர்" என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவர் போட்டது பென்சிலின் வகை ஊசி. இருபது நிமிஷம்.

பதினொன்று பத்துக்கு உயிர் போயிருக்கிறது. நான் போன் செய்தது பதினொன்று இருபது.

திங்கட்கிழமை அந்த ஹாலில் உக்காந்திருந்தியே. எட்டு அடி. எட்டு அடி தூரத்துல இருந்துதே போனு. ஏன்டி எடுக்கல?

4 டிசம்பர்

சொல்லணும். யார்கிட்ட?

6 டிசம்பர், சனி

நர்சிங் ஹோமுக்குக் கம்பெனி பதில் எழுத வேண்டும். சேஷகிரி சார் சொல்லச் சொல்ல நான்தான் டைப் செய்தேன்.

'தாங்கள் பயன்படுத்தும் சில்வர் எடிஷனில் எச்சரிக்கை வசதி இல்லை என்பதை எங்கள் கையேடு தெளிவாகக் குறிப்பிடுகிறது. நோயாளியின் விவரங்கள் மென்பொருளில் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டிருந்தன.'

ஒரு பொய்கூட இல்லை. ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை படித்துப் பார்த்தேன். ஒரே ஒரு பொய் அகப்பட்டாலும் எழுந்து போயிருப்பேன் என்று நினைக்கிறேன். இல்லை, போயிருக்க மாட்டேன். எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தேன்.

9 டிசம்பர், செவ்வாய்

டோரதி அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போர்டு மாட்டியிருந்தும் மூன்றாவது பக்கத்தைத் திறக்கவில்லை, அலட்சியம் என்று பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். போலீஸ் ஸ்டேஷனில் அக்காவிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். 'எப்பவும் செவப்புப் பொட்டி வரும், அன்னிக்கு வரல' என்று சொன்னாராம். அப்படி ஒன்று இந்த எடிஷனிலேயே கிடையாதே என்று எங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

நான் டைப் செய்த கடிதம்.

10 டிசம்பர், புதன்

சேஷகிரி சார் கதவைச் சாத்தச் சொன்னார். மேஜை மேல் ஒரு தாள். கீ மெஷினின் பதிவு. பதினொரு இடத்தில் என் பெயர். மஞ்சள் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"பயப்படாதே. உக்காரு."

உட்கார்ந்தேன்.

"நீ பண்ணது தப்பு. ஆனா ஒண்ணு கவனிச்சியா? ஆனேக்கல் டாக்டர் நேத்து கோல்டு வாங்கிட்டாங்க. இன்னொருத்தரும் கேட்டிருக்கார். ரெண்டு மாசம் பழகினவங்களால அது இல்லாம இருக்க முடியல. ஒரு வருஷமா நான் தலைகீழா நின்னு பாத்தது நடக்கல. நீ நாலு போன்ல பண்ணியிருக்கே."

திட்டம் இதுதான். சில்வர் வைத்திருக்கிற இருநூற்றுப் பன்னிரண்டு கிளினிக்குக்கும் புத்தாண்டுப் பரிசாக முப்பது நாள் கோல்டு இலவசம். பதினைந்தாம் தேதி தொடக்கம்.

"ஐடியா உன்னோடது. அத நான் மேல சொல்லியாச்சு. ஜனவரிலேர்ந்து நீ டீம் லீட்."

"சார், முப்பது நாளைக்கு அப்புறம் பெட்டி நின்னுடும், நின்னது தெரியாதுன்னு அவங்ககிட்ட சொல்லிடலாமா?"

"லெட்டர்ல இருக்கே. கடைசி பாராவில. இலவசம் முப்பது நாள்னு."

தாளை மடித்து டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். "இது இங்கயே இருக்கட்டும்" என்றார். அதட்டலே இல்லை. என் அப்பா ரேஷன் கார்டை எடுத்து வைக்கிற மாதிரி வைத்தார்.

15 டிசம்பர், திங்கள்

எல்லாருக்கும் போய்விட்டது. நாள் முழுக்க நன்றி சொல்லி போன். ஜெயநகர் பல் டாக்டர்கூட. "பரவால்லயேம்மா, உங்க கம்பெனிக்கும் மனசு இருக்கு!"

இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில் பெட்டி வருகிறது. எல்லாரும் மறுபடி மூன்றாவது பக்கத்தை மறந்துவிடுவார்கள். ஜனவரி பதினாலு, போகியன்று காலை, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்கும். சரசுவுக்கு நின்ற மாதிரியே.

21 டிசம்பர், ஞாயிறு

லிங்கராஜபுரம் போனேன். டோரதி அக்கா வீட்டை சர்ச் பக்கத்தில் விசாரித்தால் காட்டுகிறார்கள். தெரு முழுக்க வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம். அந்த வீட்டில் மட்டும் இல்லை.

இத்தனை கணீரென்ற குரல் இவ்வளவு சின்ன உடம்பிலிருந்தா வந்தது? பார்த்ததும், "இளாவா?" என்றார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் கேக் வைத்தார். இந்த ஊரில் என்னைத் தேடி வந்த ஒரே ஆள் நீதான் என்றார்.

கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டெமோ கீ, முப்பது நாள், எங்கேஜ்டு, தருமபுரி ஹால், எல்லாம்.

அக்கா அழவில்லை. கத்தவில்லை.

"அப்ப அன்னிக்கு என் கண்ணு தப்பல."

"இல்ல அக்கா."

"மூணு வாரமா என் கண்ண நானே நம்பல. பொட்டி வந்து நான்தான் பாக்காம அழுத்திட்டேனோன்னு. தூக்கத்துலகூட அழுத்திட்டிருந்தேன்." பிறகு என்னைப் பார்த்தார். "நீ பாவம் பாத்துதான் செஞ்சே. அது எனக்குத் தெரியுது. ஆனா ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா, நான் செவப்புப் பேனாவால நோட்டுல எழுதி வச்சிருப்பேனேம்மா. கம்ப்யூட்டர் வர்ற வரைக்கும் பதினேழு வருசம் அப்படித்தானே வச்சிருந்தேன்?"

கேக்கைத் தட்டில் வைத்தேன்.

"எழுந்து போம்மா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். போனேன்.

23 டிசம்பர், செவ்வாய்

நடந்ததையெல்லாம் நான்கு பக்கம் எழுதினேன். கீ மெஷின் பதிவைக் கிஷோர் தன் மெஷினிலிருந்து பிரிண்ட் எடுத்து, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து தந்தான். "என் பேரு எங்கயும் வேணாம்" என்றான். சரி என்றேன். இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேஷனில் கொடுத்தேன்.

எழுதிக்கொள்கிறவர் கன்னடத்தில் கேட்டார், எனக்கு வந்த கன்னடத்தில் சொன்னேன். பாதியில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி வரவில்லை, அதனால் ஆள் செத்துப்போச்சு. அதுதானே?" ஆமாம் என்றேன். சீல் வைத்துத் தந்தார். பின்னால் பெஞ்சில் வேறு யாரோ செல்போன் தொலைந்த புகாரோடு காத்திருந்தார்.

அதே பக்கங்களில் ஒரு பிரதியை ரவியின் வீட்டுக் கதவிடுக்கில் வைத்துவிட்டு வந்தேன். தட்டவில்லை. உள்ளே ஒரு சின்னப் பெண் பாடம் ஒப்பிக்கிற சத்தம் கேட்டது. தட்ட முடியவில்லை.

24 டிசம்பர், புதன்

சேஷகிரி சாருக்கு நானே போய்ச் சொன்னேன். ஐ.டி. கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"கம்பெனி தப்பு பண்ணலம்மா. அனுமதி இல்லாம கீ கொடுத்தது நீ. கேஸ் உன் பக்கம்தான் திரும்பும். தெரிஞ்சுதான் பண்ணியா?"

"தெரியும் சார்."

"ஊருக்குப் போயிடு" என்றார்.

30 டிசம்பர், செவ்வாய்

பி.ஜி. போனில் என்னைக் கூப்பிட்டார்கள். ரவியாக இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன். டோரதி அக்கா.

"ரவி வந்துட்டுப் போனாரு. நீ எழுதினதக் கையில வச்சிக்கிட்டு. என்னையப் படிச்சுக் காட்டச் சொன்னாரு."

"என்ன சொன்னார் அக்கா?"

"ஒண்ணும் சொல்லல. ரெண்டாந்தரம் படிக்கச் சொன்னாரு. அதுல மத்த கிளினிக்குன்னு எழுதியிருக்கியே, எத்தினி?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"என்னிக்கு நிக்கும்?"

"போகியன்னிக்கு."

"நம்பருங்க உங்கிட்ட இருக்கா?"

பாதிக்கு மேல் மனப்பாடம். மீதி என் பழைய அழைப்பு நோட்டில் இருக்கிறது.

"நாளைக்கு வா" என்றார்.

6 ஜனவரி 2004, செவ்வாய்

அக்கா தெரு முனையில் யூஜின் என்பவரின் எஸ்.டி.டி. பூத். இரண்டு போன். லோக்கல் கால்தானே என்று பில் போடாமல் எழுதி வைத்துக்கொள்கிறார். தமிழ், இங்கிலீஷ் நான். கன்னடம், உருது அக்கா. இதுவரை எண்பத்தொன்பது.

சிலர் எழுதிக்கொள்கிறார்கள். சிலர் எந்தக் கம்பெனி என்கிறார்கள். எந்தக் கம்பெனியும் இல்லை என்றால் வைத்துவிடுகிறார்கள். ஒருவர், போட்டிக் கம்பெனி ஆளா என்று கேட்டார். ஜெயநகர் பல் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஆறு டாக்டர்களுக்குத் தானே சொல்வதாகச் சொன்னார்.

ஸ்டேஷனிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. இருபதாம் தேதி. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

13 ஜனவரி, செவ்வாய்

காலை எட்டுக்கே பூத்துக்கு வந்துவிட்டோம். நூற்று எழுபத்தாறு ஆகியிருந்தது. மாலைக்குள் இருநூற்று மூன்று. ஏழு நம்பர் உபயோகத்தில் இல்லை. ஒன்று இன்றும் எங்கேஜ்டு; அதை எழுந்துபோய் நேரிலேயே சொல்லிவிட்டு வருவதாக யூஜின் ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார்.

கடைசியாக அத்திப்பள்ளி. ஒரு பெண் எடுத்தாள். இருபது வயது இருக்கலாம், தமிழ்ப் பெண்தான், நல்ல சுறுசுறுப்பான குரல். சொன்னேன். நாளையிலிருந்து அந்தச் சிவப்புப் பெட்டி வராது, மூன்றாவது பக்கத்தைக் கட்டாயம் திறந்து பாருங்கள்.

"வருதே மேடம். இப்பகூட ஒருத்தருக்கு வந்துச்சு."

"இன்னிக்கு வரும். நாளைக்கு வராது."

"வரலன்னா அந்த பேஷண்டுக்கு ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்?"

வாயைத் திறந்தேன். தினமும் ஐம்பது, அறுபது பேருக்குப் பதில் சொன்ன வாய். ஹலோ, ஹலோ என்கிறாள் அந்தப் பெண்.

டோரதி அக்கா ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"வேல இருந்தாலும் ரெண்டு நிமிசம் கேளும்மா" என்றார். "எங்க ஆஸ்பத்திரிக்குச் சரசுன்னு ஒருத்தி வந்தா."